பஜனை சபையில் பிறந்த தொழிற்சங்கம்

இந்த இதழில் நான் சொல்லப்போவது திரு.வி.க.வின் கதை. திருவாரூர் விருத்தாசல கல்யாணசுந்தரம் என்பது முழுப்பெயர். பள்ளியில் தமிழ் இலக்கியம் எடுத்தவர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கும். தமிழ்த்தென்றல் என்ற பட்டமும் ஞாபகம் இருக்கும். 'முருகன் அல்லது அழகு' எழுதியவர், 'பெண்ணின் பெருமை' எழுதியவர் என்று தேர்வுக்குப் படித்து, தேர்வு முடிந்ததும் மறந்திருப்போம்.

ஆனால் அவர் பாதி ஆயுளை மில் வாசலில் கழித்தவர் என்று நம்ம பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? சமய வகுப்புகளில் அவரை முருக பக்தராகச் சொல்கிறோம். தொழிற்சங்கக் கூட்டங்களில் அவரைத் தொழிலாளர் தலைவராகச் சொல்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே ஆள் என்பதை மட்டும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. அவருக்கோ இரண்டும் ஒரே வேலைதான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கால் முடங்கிய பையன்

1883 ஆகஸ்ட் 26-ஆம் தேதி, சென்னைக்குப் பக்கத்தில் துள்ளம் என்ற சின்ன கிராமத்தில் பிறந்தார். அப்பா விருத்தாசல முதலியார், அம்மா சின்னம்மாள். முன்னோர் திருவாரூர்க்காரர்கள். அதனால்தான் பெயரின் முதலில் அந்த 'திரு'. அது மரியாதைக்குச் சேர்த்தது என்று பலர் நினைப்பார்கள், ஊர்ப்பெயரின் முதலெழுத்துதான்.

குடும்பம் சென்னை ராயப்பேட்டைக்கு வந்தது. சின்ன வயதில் உடம்புக்கு முடியாமல் போய், கை கால் முடங்கிப் போச்சு. சில வருடம் பள்ளிக்கூடமே இல்லை. தேறி வந்தபிறகு வெஸ்லி பள்ளியில் சேர்ந்தார். அது கிறித்தவ மிஷன் பள்ளி. அங்கேதான் அவருடைய வாழ்க்கையை மாற்றிய தமிழாசிரியர் கிடைத்தார். யாழ்ப்பாணம் நா. கதிரைவேற் பிள்ளை. தமிழும் சைவமும் கரைத்துக் குடித்தவர்.

அந்த ஆசிரியர்மேல் ஒரு வழக்கு வந்தது. வள்ளலாரின் பாடல்களை அருட்பா என்பதா மருட்பா என்பதா என்று அந்தக் காலத்தில் நடந்த பெரிய சண்டையின் தொடர்ச்சி அது. ஆசிரியருக்காகத் திரு.வி.க. நீதிமன்றத்துக்கு நடந்தார். அதே நேரத்தில் பள்ளி இறுதித் தேர்வு. தேர்வு போச்சு. பள்ளிப் படிப்பு அத்தோடு நின்றது. ஆனால் படிப்பு நிற்கவில்லை. ஆசிரியர் 1907-இல் காலமாகும் வரை அவரிடமும், பிறகு மயிலை தணிகாசல முதலியாரிடமும் தமிழையும் சைவ நூல்களையும் கற்றார்.

அந்த இளவயதில் நண்பர்களோடு சேர்ந்து ராயப்பேட்டையில் ஸ்ரீ பாலசுப்பிரமணிய பக்த ஜன சபையை வளர்த்தார். நம்முடைய இயக்கத்தின் ஒரு கிளை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டு வழிபாடு, சொற்பொழிவு, திருவிழாவுக்கு ஓடியாடி வேலை. அவர் மேடையில் பேசப் பழகியது இப்படிப்பட்ட சபைகளில்தான். கட்சி மேடைக்குப் போனது அப்புறம்.

சாப்பாட்டுக்கு வேலையும் பார்த்தார். ஸ்பென்சர் கம்பெனியில் கொஞ்ச காலம். பிறகு ஆயிரம் விளக்குப் பகுதியில் மிஷன் பள்ளி ஒன்றில் ஆசிரியர். பிறகு தாம் படித்த வெஸ்லியிலேயே தமிழாசிரியர். நெற்றியில் திருநீற்றோடு கிறித்தவப் பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுத்தவர். அவரும் மதம் மாறவில்லை, அந்தப் பள்ளியைப் பழிக்கவும் இல்லை. 1917-இல் நல்ல நிரந்தர வேலையை விட்டுவிட்டு 'தேசபக்தன்' நாளிதழுக்கு ஆசிரியரானார். அந்தக் காலத்தில் அரசியல் என்றால் ஆங்கிலம். மேடையில் தலைவர்கள் ஆங்கிலத்தில் பேசுவார்கள், படித்தவர்கள் கைதட்டுவார்கள். அரசியலைத் தமிழில் பேசலாம், அழகாகவும் பேசலாம் என்று காட்டியவர்களில் முன்னால் நின்றவர் திரு.வி.க.

பெரம்பூர் சபை

வடசென்னை பெரம்பூர் பக்கத்தில் இரண்டு பெரிய துணி மில்கள் இருந்தன. பக்கிங்ஹாம் மில், கர்நாடிக் மில். பின்னி கம்பெனி நடத்தியது. ஆயிரக்கணக்கான ஆட்கள் வேலை பார்த்தார்கள். 1911-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி ஆம்பிளை ஆளுக்கு ஒரு நாளைக்குப் 12 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். விடியுமுன் ஓடி வரவேண்டும். பொழுது சாய்ந்துதான் வெளியே விடுவார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். அந்த அரை மணியில் கை கழுவி, சோற்று மூட்டையைத் தேடி எடுத்து, விழுங்கிவிட்டு, மணி அடிக்குமுன் தறிக்குத் திரும்பவேண்டும். நேரம் தப்பினால் கூலி பிடித்தம். மேலாளின் அடியும் ஏச்சும் தனி.

நம்ம தாத்தா பாட்டி தோட்டத்தில் 'பெரட்டு' நின்ற கதையைக் கேட்டவர்களுக்கு இது புதுசாக இருக்காது.

மில்லுக்குப் பக்கத்தில் செல்வபதி செட்டியார் என்று ஒருவர், இராமாநுஜலு நாயுடு என்று ஒருவர். இரண்டு பேரும் கடைக்காரர்கள். மில் ஆட்கள்தான் அவர்களுக்கு வாடிக்கை. ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று ஒரு பக்தி சபையும் அங்கே நடந்தது. வேலை முடிந்த ஆட்கள் வருவார்கள், பஜனை நடக்கும், சமயச் சொற்பொழிவு நடக்கும். திரு.வி.க.வும் அங்கே பேசப் போனவர்தான்.

யோசித்துப் பாருங்கள். அந்த ஆட்கள் பயமில்லாமல் ஒன்றாக உட்கார ஊரில் வேறு எந்த இடம் இருந்தது? மில்லுக்குள்ளே வாய் திறந்தால் வேலை போகும். தெருவில் நாலு பேர் கூடினால் போலீஸ் வரும். சபையில் உட்கார்ந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். பஜனை முடிந்ததும் பேச்சு தானாக வேறு பக்கம் போகும். இன்றைக்கு யாருக்கு அடி விழுந்தது, யாருக்குக் கூலி வெட்டினான், யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை. கடைக்காரர்களுக்கும் இது தெரியும். கடன் ஏட்டைப் புரட்டினாலே தெரிந்துவிடும்.

1918 மார்ச்சில் அந்தச் சபையின் ஆதரவில் தொழிலாளர் கூட்டம் ஒன்று நடந்தது. திரு.வி.க. பேசினார். இந்த முறை புராணம் இல்லை. தொழிலாளி என்பவன் யார், மற்ற நாடுகளில் அவர்கள் எப்படி ஒன்று சேர்ந்தார்கள் என்ற பேச்சு. அதற்குப் பிறகு கடைக்காரர்கள் இருவரும் அன்னி பெசன்ட் அம்மையாரின் 'நியூ இந்தியா' பத்திரிகை அலுவலகத்துக்குப் போய் பி. பி. வாடியாவைச் சந்தித்தார்கள். வாடியா பம்பாய்ப் பார்சிக்காரர். தமிழ் தெரியாது. ஆனால் சட்டத்தையும் அதிகாரியையும் கண்டு அசராதவர்.

1918 ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. வாடியா தலைவர். திரு.வி.க. துணைத்தலைவர்களில் ஒருவர். செல்வபதியாரும் இராமாநுஜலுவும் செயலாளர்கள். இந்தியாவில் ஒழுங்காக உறுப்பினர் சேர்த்து, சந்தா வாங்கி, கணக்கு வைத்து நடந்த முதல் தொழிற்சங்கம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். அவர்கள் முதலில் கேட்டது என்ன தெரியுமா? சாப்பாட்டு நேரத்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள் என்பதுதான். அதில் சில நிமிடம் கூடியும் கிடைத்தது. வெளியில் இருந்து பார்த்தால் பத்து நிமிடம் ஒரு விஷயமா என்று தோன்றும். சோற்றை விழுங்கிவிட்டு ஓடிப் பழகினவனைக் கேட்டால்தான் தெரியும்.

சங்கம் பிறந்த அதே 1918-இல் திரு.வி.க.வின் வீடு இருண்டது. 1912-இல் அவர் மணந்த கமலாம்பாள் நோய்வாய்ப்பட்டு இறந்தார். பிறந்த இரண்டு பிள்ளைகளும் முன்னமே தங்கவில்லை. ஆறே வருடக் குடும்ப வாழ்க்கை. வயது 35. உறவுக்காரர்கள் மறுமணம் பற்றிப் பேசாமல் இருந்திருக்க மாட்டார்கள். அவர் செய்துகொள்ளவில்லை. பிற்பாடு 'பெண்ணின் பெருமை' எழுதியபோது, விதவைக்கு ஒரு நியாயம் மனைவியை இழந்தவனுக்கு ஒரு நியாயமா என்று கேட்கும் தகுதி அவருக்கு இருந்தது.

சட்டம் தெரியாத கூட்டமா, சட்டம் இல்லாத கூட்டமா?

இங்கே ஒரு விஷயத்தை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். 1918-இல் இந்தியாவில் தொழிற்சங்கத்துக்கு என்று சட்டமே கிடையாது. தடை செய்யும் சட்டமும் இல்லை, காக்கும் சட்டமும் இல்லை. அப்படியென்றால் வேலைநிறுத்தம் செய்யச் சொன்னவர் நிலைமை என்ன? தொழிலாளி முதலாளியோடு செய்த ஒப்பந்தத்தை முறிக்கத் தூண்டிய குற்றவாளி. நாலு பேர் சேர்ந்து பேசினால் சதி.

1920 கடைசியில் கம்பெனி அதைத்தான் செய்தது. வாடியா மேலும் சங்கத்தார் மேலும் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. நஷ்டஈடு கேட்டது. ஆட்களை வேலைக்குப் போகவிடாமல் தடுக்கும் வகையில் பேசக்கூடாது என்று நீதிமன்றம் தடையுத்தரவு கொடுத்தது. 1921 தொடக்கத்தில் சமரசம் வந்தது. அதற்கு விலை, வாடியா சங்கத்தை விட்டு விலகவேண்டும். அவர் விலகினார். பாரம் திரு.வி.க. மாதிரி உள்ளூர்க்காரர்கள் தோளில் விழுந்தது.

அதற்குள் சங்கம் என்ற சொல் சென்னை முழுக்கப் பரவிவிட்டது. டிராம் வண்டிக்காரர்கள், ரயில் பட்டறைக்காரர்கள், அச்சகத்தார், ரிக்‌ஷா இழுப்பவர்கள் என்று ஒவ்வொரு கூட்டமாகத் திரண்டார்கள். இதில் ரிக்‌ஷாக்காரரை மட்டும் தனியாகக் கவனியுங்கள். அவருக்கு மில் முதலாளி இல்லை. மாதச் சம்பளம் இல்லை. வண்டி வாடகைக்கு எடுத்தது. ஓடினால் காசு, காய்ச்சலில் படுத்தால் பட்டினி. இப்படிப்பட்டவருக்கும் சங்கம் வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தார்கள். அதை இப்போதைக்கு மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதற்கு வருகிறேன்.

உடைந்த வருடம்

1921. மே மாதம் கர்நாடிக் மில்லில் ஒரு பிரிவில் ஆரம்பித்த தகராறு ஜூனில் பக்கிங்ஹாம் மில்லுக்கும் பரவியது. பெரிய வேலைநிறுத்தம். மாதக்கணக்கில் இழுத்தது.

திரு.வி.க.வின் வாழ்க்கையில் நான் ரொம்ப யோசித்த இடம் இது. ஏனென்றால் அந்தச் சங்கம் உடைந்தது கம்பெனியின் பணத்தால் மட்டும் இல்லை. சாதியால் உடைந்தது.

மில்லில் சாதி இந்துக்கள், முஸ்லிம்கள், கிறித்தவர்கள், ஆதிதிராவிடர்கள் எல்லாரும் வேலை பார்த்தார்கள். வேலைநிறுத்தம் தொடங்கியபின் ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். அவர்களுடைய தலைவர் எம். சி. ராஜா இந்தப் போராட்டத்தில் சேரவேண்டாம் என்றார். திரும்பியவர்களைக் கருங்காலி என்று திட்டுவது சுலபம். அன்றைக்குத் திட்டினார்கள். ஆனால் ஏன் திரும்பினார்கள் என்று கேட்கவேண்டாமா? மற்றவனுக்கு ஊரில் ஒரு துண்டு நிலம் இருக்கலாம், கடன் கொடுக்கச் சொந்தக்காரன் இருக்கலாம். சேரியில் இருப்பவனுக்கு அன்றைய கூலி அன்றைய சோறு. அதோடு, மில்லுக்குள் தோழன் என்று கூப்பிடுகிறவன் தெருவில் தொட மறுத்தால், கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாவிட்டால், ஒற்றுமை என்ற சொல்லை அவன் எதை வைத்து நம்புவான்?

புளியந்தோப்பில் கலவரம் வெடித்தது. குடிசைகள் எரிந்தன. ஏழையின் வீட்டை ஏழையே எரித்த கொடுமை. ஆகஸ்ட் 29-ஆம் தேதி பெரம்பூரில் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. ஆளுநர் வெல்லிங்டன் பிரபு திரு.வி.க.வைக் கூப்பிட்டு எச்சரித்தார். நாடு கடத்தும் பேச்சும் அடிபட்டது. அவர் பின்வாங்கவில்லை. ஆனால் அக்டோபரில் வேலைநிறுத்தம் தோற்றது. பசியோடு ஆட்கள் மில்லுக்குத் திரும்பினார்கள். எத்தனையோ பேருக்கு வேலை திரும்பக் கிடைக்கவே இல்லை.

பொதுவாக நம்ம பத்திரிகைகளில் பெரியவர்கள் கதை எழுதும்போது வெற்றியை மட்டும் எழுதுவது வழக்கம். இந்தத் தோல்வியை மறைத்தால் திரு.வி.க. நமக்கு வெறும் படமாகிவிடுவார். சங்கத்தின் சுவரில் சாதி என்ற விரிசல் முன்னமே இருந்தது. முதல் பெருமழையில் அது பிளந்தது. கூட்டமும் கோஷமும் இருந்தன. ஆனால் சேரியில் போய் உட்கார்ந்து, சேர்ந்து சாப்பிட்டு, அவர்கள் பயம் என்ன என்று கேட்கும் வேலை போதுமான அளவு நடக்கவில்லை. வேலைநிறுத்தம் தொடங்குமுன் செய்திருக்கவேண்டிய வேலை அது. தீ பிடித்தபின் எந்தத் தலைவராலும் அதைச் செய்யமுடியாது.

தோற்ற பிறகு வந்தது

தோல்வியிலும் ஒன்று முளைத்தது. வாடியாமேல் போட்ட வழக்கு இந்தியா முழுக்க ஒரு கேள்வியைக் கிளப்பியது. சங்கம் வைத்ததற்காக ஒருவரை நீதிமன்றத்துக்கு இழுக்கலாம் என்றால், சங்கம் எப்படி வளரும்? 1921-லேயே என். எம். ஜோஷி மத்திய சட்டசபையில் தொழிற்சங்கச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1926-இல் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. பதிவு செய்த சங்கத்தாரைச் சதிக் குற்றம் சாட்டி இழுக்கமுடியாது என்று ஆனது. வேலை நேரமும் 1922-இல் வாரத்துக்கு 60 மணியாகக் குறைந்தது. தோற்றுப்போய் வீடு திரும்பிய பெரம்பூர் ஆட்களுக்கு இதில் பங்கு இல்லை என்று யாரும் சொல்லமுடியாது.

இதைக் கேட்டால் நம்ம ஊர் ஞாபகமும் வரும். மலாயாவில் தொழிற்சங்கச் சட்டம் வந்தது 1940-இல்தான். அதற்கு அடுத்த வருடமே கிள்ளான் தோட்டங்களில் தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி கேட்டார்கள். துரை எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்றும் கேட்டார்கள். பட்டாளம் வந்தது, சுட்டது, உயிர் போச்சு. சட்டம் ஏட்டில் வருவது ஒரு நாள்; ஆளின் கைக்கு வந்து சேர்வது இன்னொரு நாள்.

திரு.வி.க. 1920-இல் 'நவசக்தி' வார இதழைத் தொடங்கி நடத்தினார். 1926-இல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவராகவும் இருந்தார். எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். 1925-இல் 'முருகன் அல்லது அழகு' வந்தது. மலையும் கடலும் இளஞாயிறும் முருகனின் அழகே என்று காட்டிய நூல் அது. மில் வாசலில் துப்பாக்கிச் சத்தம் கேட்ட அதே காதுக்கு அந்த அழகும் கேட்டது. அழகு எல்லாருக்கும் பொது என்றால், அதைப் பார்க்க ஓய்வும் எல்லாருக்கும் வேண்டும் அல்லவா? 12 மணி நேரம் தறிக்கு முன்னால் நிற்கிறவனுக்குச் சூரியன் உதிப்பதும் தெரியாது, மறைவதும் தெரியாது. அவருடைய பக்திக்கும் சங்கத்துக்கும் நடுவில் இருக்கும் பாலம் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

1947-இல் அதே மில்களில் மறுபடியும் பெரிய வேலைநிறுத்தம். அவருக்கு வயது 63. அரசாங்கம் அவரை வீட்டுக் காவலில் வைத்தது. வெள்ளைக்காரனோடு போராடிய காங்கிரஸ்காரர்களே இப்போது மாகாண மந்திரிகள். தம்முடைய பழைய தோழர்களின் ஆட்சியிலும் தொழிலாளி பக்கம்தான் நின்றார்.

அதற்குப் பிறகு பார்வை போனது. அதுவும் அவரை நிறுத்தவில்லை. சொல்லச் சொல்லப் பக்கத்தில் இருப்பவர் எழுதிக்கொண்டார். 1950-இல் அப்படி வந்த ஒரு நூலின் பெயர் 'இருளில் ஒளி'. 1953 செப்டம்பர் 17-ஆம் தேதி கண்ணை மூடினார். சொத்து என்று சேர்த்தது புத்தகங்கள்தான்.

ரிக்‌ஷாக்காரரை ஞாபகம் இருக்கிறதா?

முன்னே மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்த ரிக்‌ஷாக்காரருக்கு இப்போது வருகிறேன். முதலாளி யார் என்று கைகாட்ட முடியாத, சம்பளச் சீட்டு இல்லாத, படுத்தால் பட்டினி என்ற வேலையை இன்றைக்கு முறைசாராத் தொழில் என்கிறார்கள். உலகத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் போட்ட கணக்குப்படி உலகில் வேலை பார்ப்பவர்களில் 100-க்கு 61 பேர் இப்படித்தான் இருக்கிறார்கள். 200 கோடிப் பேருக்கு மேல். இந்தியாவில் வீதம் இன்னும் அதிகம். கட்டட வேலை, வீட்டு வேலை, பீடி சுற்றுவது, தள்ளுவண்டி, குப்பை பொறுக்குவது.

ஏதோ அயல்நாட்டு விஷயம் என்று நினைக்கவேண்டாம். நம்ம கிளைகளில் எத்தனை பையன்கள் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு அனுப்புகிறார்கள்? எத்தனை பேர் கைப்பேசிச் செயலியைப் பார்த்துக் கார் ஓட்டுகிறார்கள்? எத்தனை அக்காமார்கள் வீட்டிலேயே பலகாரம் சுட்டு, துணி தைத்து, ஒப்பனை செய்து பிழைக்கிறார்கள்? அவர்களைத் தொழிலாளி என்று யாரும் கூப்பிடுவதில்லை. பங்காளி, சுயதொழில் செய்பவர் என்று நல்ல பெயர் இருக்கிறது. மழையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டால் மட்டும் அந்தப் பெயர் உதவிக்கு வராது. 1918-இல் பெரம்பூர் மில் ஆள் நின்ற இடத்தில்தான் இவர்கள் நின்றார்கள்: வேலை உண்டு, சட்டம் இல்லை.

இப்போது நிலைமை மெல்ல மாறுகிறது. மலேசியாவில் சுயதொழில் செய்பவர்களுக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2017-இல் வந்தது. கிக் தொழிலாளர் மசோதா 2025-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சிங்கப்பூரில் இணையத்தள வழி வேலை பார்ப்பவர்களுக்கான சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. நல்ல விஷயம். ஆனால் 1926 கதையையும் 1940 கதையையும் பார்த்தோம் இல்லையா? சட்டத்தைத் தன் கைக்கு இழுக்க ஆள் ஒன்று சேர்ந்தால்தான் முடியும். தனியாக மோட்டாரில் போகிறவன் ஒன்று சேர்வது மில் ஆளைவிடக் கஷ்டம். ஒரே வாசல் இல்லை, ஒரே மணி இல்லை, ஒரே மேலாள் இல்லை. இரண்டு பேர் சந்தித்துக்கொள்வதே சாப்பாட்டுக் கடை வாசலில், அதுவும் இரண்டு நிமிடம்.

அப்படியென்றால் அவர்கள் உட்கார இடம் எங்கே? 1918-இல் அந்த இடத்தைக் கொடுத்தது ஒரு சபை. கோயிலை அரசியல் மேடையாக்கச் சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். செல்வபதியாரும் இராமாநுஜலுவும் பஜனையை நிறுத்தவில்லை. பஜனை முடிந்தபின் யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று காது கொடுத்தார்கள். கேட்டதோடு நிற்காமல், விஷயம் தெரிந்தவரைத் தேடிப் போனார்கள்.

நம்மாலும் அது முடியும். வாராந்திரக் கூட்டு வழிபாடு முடிந்து பிரசாதம் கொடுக்கும் நேரத்தில் பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். கிளையில் யார் யார் தினக்கூலிக்கும் டெலிவரிக்கும் போகிறார்கள் என்று கேளுங்கள். அவர்களுக்குச் சமூகப் பாதுகாப்புப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பாரத்தைப் பூர்த்தி செய்ய, படித்த தங்கை ஒருத்தி உதவட்டும். விபத்து நடந்தால் யாரிடம் போவது, எந்தச் சங்கம் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். அந்தப் பத்து நிமிடத்தில் உட்காருகிற வட்டத்தில் யார் இல்லை என்று பாருங்கள். எந்த சாதிப் பையன் வரவில்லை, எந்த லயத்து, எந்த அடுக்குமாடிப் பிள்ளை வெளியே நிற்கிறான், பெண்பிள்ளைகள் ஏன் வாய் திறக்கவில்லை என்று பாருங்கள். பெரம்பூர் சங்கத்துக்கு 1921-இல் வந்த கதி நமக்கு வரக்கூடாது என்றால், அந்தப் பிள்ளையைத் தேடி நாம்தான் முதலில் அவன் வீட்டுக்குப் போகவேண்டும். அவன் வீட்டில் பசியாறிவிட்டு, பிறகு ஒற்றுமையைப் பற்றிப் பேசலாம்.